நாலாவது ஆளாகப் போன கல்

முதலே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி, செய்வினை, சகுனம் ஒன்றிலும் நம்பிக்கை கிடையாது. பெர்னில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறேன். ஆள் இறந்து, உடலைக் கொண்டுபோன பிறகு, அந்த அறைக்குள் வாளியும் துணியுமாக முதலில் நுழைகிறவள் நான்தான். கட்டிலைத் துடைப்பேன், அலுமாரியைத் துடைப்பேன், தலைமாட்டில் இருக்கிற ரெலிபோனைத் துடைப்பேன். இத்தனை வருடத்தில் ஒரு நிழல் அசைந்ததில்லை, ஒரு மூச்சுச் சத்தம் கேட்டதில்லை. "பேய் உன்னைக் கண்டால் அதுதான் பயந்து ஓடும்" என்று என் புருஷன் சொல்லுவார், அவர் பகிடிக்குச் சொன்னாலும் அது உண்மைதான்.

அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கேட்பீர்கள் என்று தெரியும். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், நானே பாதி நாள் நம்புவதில்லை.

பெர்னுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் நாங்கள் நாலு பேர் சிநேகிதிகள். ஸ்டெல்லா அக்கா மன்னார்ப் பக்கம், கத்தோலிக்கர், முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை, எங்களில் மூத்தவர், கார் நன்றாக ஓடுவார். குமுதா பிள்ளைகள் காப்பகத்தில் வேலை, வீட்டைவிட்டு வெளியே கால் வைப்பதென்றால் ராகுகாலம் பார்க்கிற ஆள். நான் மனோ. நாலாவது ஆள் பவானி. பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தாள். அவள் வாய் மூடி நான் கண்டதில்லை. பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்து சீற்றுக்காரியின் குடும்பக் கதை முழுவதையும் வாங்கிவிடுவாள், அதுவும் அரைகுறை ஜேர்மனில்.

சுவீடனுக்குப் போக வேண்டும் என்பது பவானியின் ஆசை. ஏன் சுவீடன் என்று கேட்டால் அவள் சொல்லுகிற காரணம் இதுதான். ஊரில் அவளுடைய புருஷன்வீட்டுச் சனத்துக்கு சுவிஸும் சுவீடனும் ஒன்றுதான். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவள் சுவீடனில் இருக்கிறாள் என்றே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள், எத்தனை தடவை திருத்தினாலும் கேட்கவில்லை. "நான் திருத்தித் திருத்திக் களைச்சுப் போனன். ஒருக்கா அங்க போய் நிண்டுபோட்டு வாறன், பிறகு அவை சொல்லுறது பொய் இல்லைத்தானே" என்பாள். பல்வைத்தியரிடம் கிடைத்த கலண்டர் ஒன்றில் ஏரிக்கரையில் ஒரு சிவப்பு மரவீடு இருக்கிற படம், அதை வெட்டிக் குசினிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். புருஷன்மாரும் பிள்ளைகளும் இல்லாமல் நாங்கள் நாலு பேரும் மட்டும் போவதென்று முடிவாகி, விமானம், கார், அப்படி ஒரு சிவப்பு வீடு, எல்லாம் நாலு பேருக்குப் பதிந்தாயிற்று.

வசந்த காலத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது பவானி விழுந்துவிட்டாள். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. உயிர் தப்பி, றீஹா என்று சொல்லுகிறார்களே, அந்தப் பயிற்சி ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். இடுப்பு வரைக்கும் இருந்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிட்டார்கள். அதைவிட மோசம், அவள் முயற்சியை விட்டுவிட்டாள். பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். இப்படியே இருந்தால் பேச்சு வராது, நடையும் வராது என்று அவளுடைய புருஷன் சிவம் அண்ணையிடம் டொக்டர் நேராகவே சொல்லிவிட்டார். அந்த மனிசன் எங்களுக்கு முன்னால் அழுதார். அவளைப் பார்க்கப் போய்விட்டு வருகிற நாளெல்லாம் எனக்கு வீட்டில் சோறு இறங்காது.

நாங்கள் பயணத்தை விடுவதென்றுதான் இருந்தோம். அதைப் போய் அவளிடம் சொன்னபோது அவளுக்கு வந்ததே ஒரு கோபம்! இடக்கையால் கட்டிலில் அடித்து, கதவைக் காட்டி, போ போ என்று ஒரே துரத்தல். சிவம் அண்ணை சொன்னார், "நீங்கள் போட்டு வாங்கோ. போகாட்டி இவ என்னையும் சேத்துக் கோவிப்பா."

சரி, போவது மூன்று பேர். அங்கேதான் குமுதா தொடங்கினாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் சனம் ஒரு பயணத்துக்கு மூன்று பேராக வெளிக்கிடாது. மூன்று பேர்தான் என்றால் ஒரு கல்லை எடுத்து, அதையும் ஓர் ஆளாகக் கணக்கு வைத்துக் கொண்டுபோகும்.

"மூண்டு பேராப் போறது சரியில்லையடி. ஒரு கல்லு வேணும்" என்றாள்.

"கல்லுக்கும் ரிக்கற் எடுக்கோணுமோ?" என்று கேட்டேன்.

"எடுத்தாச்சுத்தானே. பவாவின்ர ரிக்கற் சும்மாதானே கிடக்குது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஸ்டெல்லா அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கல்லு வரட்டும். அதுக்குப் பொட்டு கிட்டு வைச்சுக் கும்பிட்டியளெண்டால் நான் கார் ஓட மாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்" என்றார். பிறகு பார்த்தால் அவரே அதன்மேல் கோயிலிலிருந்து கொண்டுவந்த மந்திரித்த தண்ணீரைத் தெளித்து வைத்திருக்கிறார்.

கல்லைப் பவானியின் வீட்டுப் பல்கனியில், கறிவேப்பிலைச் சாடியிலிருந்து எடுத்தோம். ஆரே ஆற்றங்கரையில் அவள் எப்போதோ பொறுக்கி வந்த கல். உள்ளங்கைக்குள் அடங்கும், சாம்பல் நிறம், வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். குமுதா காப்பகத்தில் பிள்ளைகளுக்குத் தொப்பி பின்னுகிறவள், அதற்கும் ஒரு நீலக் கம்பளித் தொப்பி பின்னிக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். வெளிக்கிட முதல் அதைப் பவானியிடம் கொண்டுபோனோம். "இஞ்ச பார், இதுதான் நீ. உன்ர சீற்றில இதைத்தான் வைச்சுக் கொண்டு போறம்" என்றேன். அவள் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பாதி வாயால் சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அவ்வளவுக்காகவே அந்தக் கல்லை எங்கே வேண்டுமானாலும் சுமக்கலாம் என்று நினைத்தேன்.

சுவீடனில் இறங்கி, கோத்தன்பேர்க் விமான நிலையத்தில் வாடகைக் காரை எடுத்தோம். ஸ்டெல்லா அக்கா ஓட்டம், நான் பக்கத்தில், பின்னால் இடது பக்கம் குமுதா, வலது பக்கம் கல். கார் வெளிக்கிட்டதும் டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கியது. யாரோ பெல்ற் போடவில்லை என்று கண்ணாடிக்குக் கீழே சிவப்பாக ஒரு பொம்மை. பின் வலது சீற்.

"ஆர் பெல்ற் போடேல்லை?"

"நான் போட்டிட்டன் அக்கா."

"அப்ப பவாவுக்குப் போட்டுவிடு" என்று நான் பகிடிக்குச் சொன்னேன். குமுதா கல்லுக்குக் குறுக்கால் பெல்ற்றை இழுத்துக் கொழுவினாள். சத்தம் நின்றது.

எனக்கு ஒரு குணம், எதையும் சும்மா விட மாட்டேன். முதல் தரிப்பிடத்தில் நிறுத்தச் சொல்லிப் பரிசோதித்தேன். பெல்ற்றைக் கழற்றிக் கல்லைக் கையில் எடுத்தால் சத்தம் இல்லை. வைத்தால் அடிக்கும். எங்களிடம் அரிசிப் பை இருந்தது, நாங்கள் எங்கே போனாலும் அரிசி வரும்தானே, அதை வைத்தேன், அடிக்கவில்லை. என் கைப்பையை வைத்தேன், அடிக்கவில்லை. கல்லை வைத்தேன், டிங் டிங். சீற்றுக்குள் இருக்கிற கருவி பழுது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏறினேன். ஆனால் மனதுக்குள் ஒரு அரிப்பு இருந்துகொண்டே இருந்தது, அரிசியைவிட இந்தக் கல் எப்படிப் பாரம் என்று.

வழியில் ஒரு சின்ன ஊரில் கோப்பி குடித்தோம். மூன்று என்று விரலாலும் காட்டித்தான் சொன்னேன். பரிமாறுகிற பெண் நாலு கோப்பியும் கறுவாப்பட்டை போட்ட நாலு பணிசும் கொண்டுவந்து வைத்தாள். மூன்றுதானே கேட்டோம் என்றதற்கு அவள் எங்கள் மேசையைப் பார்த்து, பிறகு வாசலைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். ஸ்டெல்லா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அவள் வேறு மேசையோடு குழப்பிவிட்டாள் என்றேன் நான். வேறு மேசையில் ஒருவரும் இருக்கவில்லை, அதை அப்போது நான் சொல்லவில்லை.

அந்தச் சிவப்பு வீடு அசல் கலண்டர் படம் மாதிரியே இருந்தது, நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்று வாய் பார்த்தோம். முன்னால் ஏரி, தண்ணீருக்குள் நீட்டிக் கட்டிய மரத்தாலான படகுத்துறை, அங்கிருந்து கார் நிறுத்துமிடம் வரைக்கும் ஒரு நீளப் பாதை, பாதையின் ஓரத்தில் வரிசையாகக் கற்கள். அதை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, நெட்டையான மனிதர், பக்கத்து வீட்டில்தான் இருந்தார். நாலு கட்டிலுக்கும் விரிப்பு விரித்திருந்தார். நாலு பேருக்குத்தானே பதிந்தோம், அதில் என்ன அதிசயம்.

வீடு வடிவாக இருந்தது, எங்களுக்குத்தான் சந்தோஷப்படத் தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் பவானி இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்ற கதைதான். கல்லைக் கொண்டுபோய்ப் படகுத்துறையின் நுனியில், ஏரியைப் பார்க்க வைத்தோம். நான்தான் வைத்தேன். "பார், உன்ர சுவீடன்" என்று சொல்லியும் விட்டேன். அங்கே கோடையில் இரவென்று ஒன்று சரியாக வருவதில்லை, சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகும் வெயில் தண்ணீரில் கிடந்தது, நுளம்புதான், கொசு என்று சொல்லுவார்களே, அதுதான் பிய்த்துத் தின்றது.

அப்போது வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். கையில் நுளம்புக்குப் பூசுகிற மருந்து. இங்கிலீஷில் சொன்னார், உங்கள் சிநேகிதி நெடுநேரமாகப் படகுத்துறையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறார், இதைக் கொடுங்கள், இல்லாவிட்டால் கால் முழுக்கக் கடித்துவிடும் என்று.

நாங்கள் மூன்று பேரும் அவருக்கு முன்னால்தான் நிற்கிறோம்.

"எந்தச் சிநேகிதி?" என்றேன்.

கட்டைத் தலைமயிர் உள்ளவர் என்றார். தான் கை காட்டியதும் அவரும் இப்படிக் காட்டினார் என்று தன் இடக்கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். எங்கள் மூன்று பேருக்கும் கொண்டை. அந்த மனிதர் மருந்தை என் கையில் வைத்துவிட்டுத் தன் பாட்டில் போய்விட்டார்.

நான் ஓடினேன். பயத்தில் இல்லை, சத்தியமாகப் பயமே வரவில்லை, எனக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். படகுத்துறையில் ஆள் இல்லை. தொப்பியோடு கல் வைத்தபடியே இருந்தது. ஆனால் காய்ந்த பலகையில், நுனியிலிருந்து கரையை நோக்கி ஈர அடிகள். இடது கால் ஐந்து விரலும் தெரியப் பதிந்திருந்தது. வலது காலுக்கு அடி இல்லை, இழுத்துக்கொண்டு போன ஒரு ஈரக் கோடு. அது பாதி வழி வந்து நின்றது. குமுதா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டெல்லா அக்கா செபம் சொல்லத் தொடங்கி இடையில் மறந்துபோய் நின்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே வெயிலில் அவை ஒவ்வொன்றாக உலர்ந்து போய்விட்டன. படம் எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, இப்போது நினைத்தால் எனக்கு என்னிலேயே ஆத்திரம் வருகிறது.

"அவள்தான்" என்றாள் குமுதா. "அவள்தானடி வந்திருக்கிறாள்."

"விசர்க்கதை கதையாதை" என்றேன். சொல்லிவிட்டு நுளம்பு மருந்தைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

அடுத்த நாள் காலை வேறு இடத்துக்குப் போக வேண்டும், அதற்கு மறுநாள் விமானம். இங்கேதான் பிழை விட்டோம். நான் துப்புரவுக்காரி, மற்ற இரண்டு பேரும் எனக்குக் குறைந்தவர்கள் இல்லை. ஒரு வீட்டை அழுக்காக விட்டுவிட்டு வருவதற்கு எங்களுக்குக் கை வராது. வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, நாங்களே நிலம் துடைத்து, அடுப்புத் துடைத்து, ஜன்னலும் துடைத்தோம். ஸ்டெல்லா அக்கா கண்ணில் பட்ட துணியெல்லாம் தோய்த்தார். கல்லின் தொப்பியில் சேறு பிரண்டிருந்தது, அதையும் கழற்றித் தோய்த்துக் கொடியில் போட்டார், கல்லைக் கழுவி வாசற்படியில் காய வைத்தார். வெளிக்கிடும் அவசரத்தில் தொப்பியை எடுத்துச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தார். தொப்பிக்குள் கல் இருக்கிறது என்று குமுதா நினைத்தாள். கல் குமுதாவிடம் என்று அக்கா நினைத்தார். நான் நினைக்கவே இல்லை.

காரில் ஏறி ஓடத் தொடங்கினோம். மத்தியானத்துக்குக் கிட்ட சிவம் அண்ணை ரெலிபோன் எடுத்தார். குரலே சரியில்லை.

"மனோ, இவ காலைமை துடக்கம் கண் திறக்கேல்லை. எழுப்பினாலும் எழும்புறா இல்லை. ஸ்கான் எடுத்தவை, புதுசா ஒண்டும் இல்லையாம். ஏனெண்டு டொக்டர்மாருக்கே தெரியேல்லை."

ரெலிபோனை வைத்தேன். காருக்குள் அப்படி ஒரு அமைதி. அப்போதுதான் எனக்கு அது பிடிபட்டது, கார் அமைதியாகத்தான் இருக்கிறது, காலையில் வெளிக்கிட்டபோதும் அமைதியாகத்தான் இருந்தது. டிங் டிங் அடிக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். பின் வலது சீற்றில் ஒன்றும் இல்லை, பெல்ற் பக்கத்தில் சும்மா தொங்குகிறது.

"கல்லு எங்க?"

ஸ்டெல்லா அக்கா காரை ஓரங்கட்டிக் கைப்பையைத் திறந்தார். தொப்பி மட்டும் வந்தது. "ஐயோ மாதாவே, காய வைச்சனான். படியில காய வைச்சனான்" என்று தலையில் கைவைத்தார். குமுதா அழத் தொடங்கிவிட்டாள்.

எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம். திரும்பிப் போனால் அன்றைய இடம் போய்விடும், இரவுத் தங்கல் போய்விடும், விமானத்தைப் பிடிப்பதும் சந்தேகம். ஒரு கல்லுக்காக. அந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், நான்தானே எதற்கும் சிரிக்கிறவள். "திருப்புங்கோ அக்கா" என்றேன். எனக்குக் கல்லில் நம்பிக்கை வந்துவிடவில்லை. பவானியை ஓரிடத்தில் தனிய விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்ற எண்ணம் நெஞ்சுக்குள் வந்து குந்திவிட்டது, அதோடு என்னால் மற்றப் பக்கம் போக முடியாது.

போய்ச் சேர்ந்தால் படியில் கல் இல்லை. வீட்டுக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். கல்லா, ஓ, படியில் கிடந்ததே, வரிசையிலிருந்து விலகிவிட்டது என்று நினைத்துப் பாதையோரத்தில் வைத்துவிட்டேன் என்றார். எந்த இடத்தில் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. ஏரியிலிருந்து கார் வரைக்கும் வரிசை. எல்லாம் சாம்பல் கல், பாதிக்குமேல் வெள்ளைக் கோடு. நாங்கள் எடுத்த படங்களிலெல்லாம் கல் தொப்பியோடு இருக்கிறது. மூன்று பேரும் குனிந்து குனிந்து பார்த்து, இதுதான், இல்லை இதுதான் என்று சண்டை பிடித்தோம்.

பிறகு நான் சொன்னேன், "சீற்றில வைச்சுப் பாப்பம்."

நினைத்துப் பாருங்கள் அந்தக் காட்சியை. ஸ்டெல்லா அக்கா காரை இயக்கிவிட்டு உள்ளே இருக்கிறார். குமுதா கல்லைப் பொறுக்கித் தருகிறாள். நான் ஒவ்வொன்றாகப் பின்சீற்றில் வைத்து, பொறுத்து, எடுத்து, கீழே வைக்கிறேன். வீட்டுக்காரர் ஏன் என்று கேட்கவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தானும் கல் தூக்கித் தரத் தொடங்கினார். நல்ல மனிதர். வியர்வை கண்ணுக்குள் போகிறது, நுளம்பு கடிக்கிறது, ஒரு கல்லுக்கும் சத்தம் இல்லை.

ஒரு கல்லை வைத்தேன். பொறுத்தேன். இல்லை. அதை எடுக்கக் குனிகிறேன், காரின் பின்பக்கம் மெல்ல ஒருக்கால் அமர்ந்தது, ஆள் ஏறினால் அமருமே, அப்படி. குமுதா சாய்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன், பார்த்தால் அவள் பாதையில் தள்ளி நிற்கிறாள். டிங் டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கியது.

ஸ்டெல்லா அக்கா ஸ்ரியரிங்கில் தலைவைத்து அழுதார். நான் பெல்ற்றைக் கொழுவினேன். வீட்டுக்காரர் வந்து பின்கதவை மெதுவாகச் சாத்தினார், உள்ளே ஆள் இருந்தால் கையில் படாமல் பார்த்துச் சாத்துவோமே, அப்படி. உங்கள் சிநேகிதிக்கும் நல்ல பயணம் என்றார்.

பெரிய வீதிக்கு இன்னும் வந்து சேரவில்லை, சிவம் அண்ணை மறுபடியும் எடுத்தார். "இப்பதான் கண் திறந்தவ. தண்ணிக்குக் கை காட்டுறா" என்று சொல்லிவிட்டு அவரும் அழுகிறார். நாங்கள் மூன்று பேரும் பெற்றோல் நிலையம் ஒன்றில் நிறுத்தி, ஒருவரை ஒருவர் பார்த்து, இதை ஒருவரிடமும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம். சொன்னால் ஓஸ்டர்முண்டிகன் முழுக்கச் சிரிக்கும். புருஷன்மாரிடமும் இல்லை, சிவம் அண்ணையிடமும் இல்லை. இன்றுவரைக்கும் அந்த இரண்டு பேரும் ஒருவரிடமும் சொல்லவில்லை, நான் அவர்களை நன்றாக அறிவேன்.

விமானம் பிடித்து வந்து, நேரே றீஹாவுக்குப் போனோம். பவானி தலையணையில் சாய்ந்து இருந்தாள். அவளுடைய காலில், கணுக்காலுக்கு மேலே, சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. தாதி மருந்து பூசிக்கொண்டிருந்தாள். "நுளம்புக்கடியாம். இந்த அறையில ஜன்னலே திறக்கிறேல்லை, எங்கால வந்ததெண்டு தெரியேல்லை" என்றார் சிவம் அண்ணை. நாங்கள் மூன்று பேரும் நிலத்தைப் பார்த்தோம். நான் கல்லை அவள் கையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. மேசையில் வைத்துவிட்டாள்.

ஆனால் அடுத்த நாள் பேச்சுப் பயிற்சிக்காரி வந்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவளுடைய பிடிவாதம்தான், எல்லாப் புகழையும் கல்லுக்குக் கொடுக்க நான் தயாரில்லை. மாரி தொடங்கியபோது சொல் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. தடி பிடித்து நடந்து வீட்டுக்கும் வந்துவிட்டாள்.

தைப்பொங்கலன்று நாங்கள் மூன்று பேரும் அவள் வீட்டுக்குப் போனோம். சிவம் அண்ணை பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். குளிருக்காகக் கறிவேப்பிலைச் சாடியைக் குசினிக்குள் எடுத்து வைத்திருந்தார்கள், கல் அதற்குள் இருந்தது. பவானி அதைக் காட்டினாள்.

"இது... என்ர கல்லு இல்லை."

"என்னடி சொல்லுறாய்?"

"என்ர கல்லில... கோடு சுத்தி வரும். இதில பாதியில நிக்குது."

நான் எடுத்துப் பார்த்தேன். கோடு பாதியில்தான் நின்றது. கதிரையை இழுத்து அதில் இருந்துவிட்டேன். குமுதா "அப்ப அண்டைக்கு..." என்று தொடங்கிவிட்டு வாயைப் பொத்தினாள்.

பவானி சிரித்தாள். இப்போது முழு வாயும் சிரிக்கிறது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள், நான் அவள் சொன்னபடியே சொல்கிறேன். "நீங்கள் கல்லுக் கல்லா வைச்சுப் பாத்துக்கொண்டு நிண்டியள். நான் கூப்பிட்டனான், சத்தம் வரேல்லை. தண்ணிக் கரையில இருந்து கார் மட்டும் நீளப் பாதை. இந்தக் காலை இழுத்துக்கொண்டு... வர நேரம் எடுத்தது. வந்து ஏறினனான். அவ்வளவுதான்."

குசினியில் பால் இல்லாத பொங்கல்பானை சும்மா இருந்தது.

"காலைமை கார் போற சத்தம் கேட்டது" என்றாள். "விட்டிட்டுப் போட்டியள் எண்டு நினைச்சன். இனி என்னத்துக்கு எழும்புவான் எண்டு படுத்திட்டன். பிறகு பாத்தால்... திரும்பி வாறியள்."

ஸ்டெல்லா அக்கா போய் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நானும் அழுதேன், ஏன் மறைப்பான். அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று இப்போதும் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். எங்கள் மூன்று பேரையும் அந்த வீட்டுக்காரரையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. கோடு விஷயம் எங்கள் மூன்று பேருக்கும்கூடத் தெரியாது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்த பிறகு பவானி கல்லை என் கையிலிருந்து வாங்கினாள். "இதைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கோணும்" என்றாள். "அங்க ஒரு ஆள் இதைத் தேடிக்கொண்டு இருப்பா. இதுவும் ஆரோ கொண்டுவந்து விட்டிட்டுப் போன கல்லுத்தானே."

"ஆர்? அங்க வேற ஆக்கள் இருந்தவையோ?" என்று கேட்டேன். வாய் மூடத் தெரியாத பவானி, பேச்சுத் திரும்பி வந்த பவானி, அதற்கு மட்டும் மறுமொழி சொல்லவில்லை. சிவம் அண்ணை பாலோடு வந்துவிட்டார்.

இந்தக் கோடைக்கு மறுபடியும் போகிறோம், அதே வீடு, நாலு பேரும். போன கிழமை ஸ்டெல்லா அக்கா வாடகைக் கார் பதிய என்னிடம் ரெலிபோன் எடுத்தார். "மனோ, வரேக்க எத்தினை பேரெண்டு தெரியாது. போனமுறை எடுத்த அளவுக் கார் காணுமோ, இல்லாட்டிப் பெரிசா எடுப்பமோ?" என்று கேட்டார். பகிடி விடுகிறாரோ என்று பார்த்தேன், குரலில் பகிடி இல்லை. எனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை என்று முதலே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

"பெரிசா எடுங்கோ அக்கா" என்றேன்.